ஒரு கைப்பிடி பம்பாய் உப்பு

மரக்காணத்தில் உப்பை வெளியூரிலிருந்து வரவழைத்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கடலோர நோய் எதிர்ப்பியல் மேல்நிலை ஆய்வு மையம். பழைய உப்புக் கிடங்குக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, நடுவில் இரண்டு சுவர் எழுப்பி, மூன்று அறையாக்கியிருந்தார்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட ஒரு சாண் நீளம். மிச்சமான அந்த ஒரு சாண் வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்று, அங்கே கட்டியிருந்த ஆட்டுக்கு நிழல் கொடுத்தது. 1978 வரை அந்த மையத்தால் ஊருக்குக் கிடைத்த நேரடிப் பயன் அதுதான்.

பம்பாயிலிருந்து வரும் உப்பு அரைக் கிலோ. கண்ணாடி பாட்டில், சிவப்பு லேபிள், மூடியில் மெழுகு. திண்டிவனத்தில் பார்சலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், கண்டக்டர், "இன்னா சாமான்?" என்பார். "உப்பு" என்று பதில் சொல்லிவிட்டு ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வரவேண்டும். வெளியே இரண்டு பக்கமும் குவியல் குவியலாக உப்பு.

டைரக்டர் டாக்டர் சிவப்பிரகாசம் அந்த பாட்டிலை இரும்பு பீரோவில் பூட்டி வைப்பார். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். உப்பு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, கோட்டின்மேல் தேதி, கீழே கையெழுத்து. எடுக்க எடுக்கப் புதுக் கோடு, புதுக் கையெழுத்து. இரண்டு வருஷம் சீமையில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கற்றுக்கொண்டதில் பாதி கையெழுத்துதான் என்று டெக்னீஷியன் சேட்டு சொல்வான். மீதிப் பாதி அந்தக் கோடு.

எலி அறையைப் பார்த்துக்கொண்டது மரியசெல்வி. கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி வைப்பது, பேர் அட்டையைப் பார்த்து எலியை எடுத்துக் கொடுப்பது. மூன்று வருஷமாகத் தற்காலிகம். அதற்கு முன்னால் பதினொரு வருஷம் உப்பளத்தில் இருந்தாள். மார்ச் வெயிலில், கொதிக்கிற பாத்தியில் நின்று பலகையால் உப்பு வாரின காலத்தில் அவளுடைய குதிகாலில் வெடிப்பு மூடியதே கிடையாது. இங்கே வந்த இரண்டாம் வருஷம் ஒருநாள் குளிக்கும்போது பார்த்தாள், இரண்டு குதிகாலும் மூடியிருந்தன. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். என்ன ஆனாலும் அந்தப் பாத்தியில் திரும்பக் கால் வைப்பதில்லை.

அவளை நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது. டைரக்டர் மேஜைமேல் பச்சை ஃபைலில், ஒரு கையெழுத்துக்காகப் பதினான்கு மாதமாகக் காத்திருந்தது. உப்பு பாட்டிலில் வாரம் மூன்று கையெழுத்துப் போடுகிற மனுஷன் இதில் மட்டும் போடவில்லை.

"புராஜெக்ட் ஜெயிக்கட்டும், போட்டுடறேன்" என்றார்.

புராஜெக்ட் ஏழு தடவை தோற்றிருந்தது.

அது என்ன புராஜெக்ட் என்று ஒரு டீ நேரத்தில் சேட்டுதான் அவளுக்கு விளக்கினான். கிளியனூரிலிருந்து சைக்கிளில் வருகிறவன். கைவேலை எல்லாம் அவனுடையது, டைரக்டர் பின்னால் நின்று மூச்சு விடுவார்.

"ஒரு எலிக்கு வேற ஜாதி எலியோட வெள்ளணுவை ஊசி போடறோமா? இது யாரோ வெளியாள்னு அதோட ஒடம்பு எதிர்ப்பு மருந்து தயார் பண்ணும். தயார் பண்ற செல்லு மண்ணீரல்ல இருக்குது. அதை வெளிய எடுத்தா நாலு நாள்ல செத்துடும். இன்னொரு பக்கம் எலியோட கேன்சர் செல்லு. அதுக்குச் சாவே கெடையாது, ஆனா ஒரு வேலையும் தெரியாது. ரெண்டையும் ஒட்டினா, வேலையும் தெரியும், சாகவும் சாகாது. அப்படி ஒட்டினதுல ஒரே ஒரு செல்லைப் பிரிச்சு வளர்த்தா, அதோட பரம்பரை மொத்தமும் ஒரே மருந்தை ஊத்திக்கிட்டே இருக்கும்."

"சாகாதா? கவர்மென்ட் உத்தியோகம் மாதிரியா அண்ணே?"

"அதுல வேலை தெரியணும்னு கெடையாதே."

"சரி, அந்த மருந்து யாருக்கு?"

"மருந்துன்னா நோய்க்கு இல்லம்மா. எலியோட எந்த வெள்ளணு எதுன்னு அடையாளம் காட்டும்."

"காட்டினா?"

"எலியைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்."

மரியசெல்வி கூண்டைப் பார்த்தாள். கூண்டுக்குள் இருந்த வெள்ளைச் சுண்டெலி அவளைப் பார்த்தது. மூன்று வருஷத்தில் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றும் பாக்கியில்லை.

ஏழு தோல்விக்கும் டைரக்டர் ஏழு காரணம் எழுதி தில்லிக்கு அனுப்பியிருந்தார். கடற்காற்று, கரண்ட் கட், தண்ணீர், மறுபடியும் கடற்காற்று. ஆறாவது காரணம், எலி அறைப் பணியாளரின் தலை எண்ணெய் வாசனை. அன்றிலிருந்து மரியசெல்வி வறண்ட தலையோடு வேலைக்கு வந்தாள்.

எட்டாவதுக்கு ஊசி போட்டு வைத்திருந்த பன்னிரண்டு எலிகளுக்கு முதுகில் சொறி வந்தது. முடி கொட்டி, பக்கு கட்டி, எலிகள் கூண்டுக் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "இதுல ஒன்னு செத்தாலும் அந்தப் பச்சை ஃபைல் குப்பைக்குப் போகும். புரியுதா?"

சேட்டு கந்தகக் களிம்பு கொண்டுவந்து தடவினான். உமியைப் பொசுக்கிவிட்டுப் புது உமி போட்டார்கள். மரியசெல்வி இதற்கெல்லாம் மேலாக அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்டாள். சொறி, மரு, தோல்வியாதி என்றால் உப்பும் மிளகும் காணிக்கை கொட்டுவது அவர்கள் வழக்கம். பத்து நாளில் பக்கு உதிர்ந்து புது முடி முளைத்தது. களிம்பு என்றான் சேட்டு. உமி என்றார் டைரக்டர். அவள் யாரிடமும் வாதாடவில்லை, அந்தோணியாருக்குக் காணிக்கை செலுத்துகிற செவ்வாய்க்கிழமை வருகிறதே என்று கவலைப்பட்டாள்.

கவலை இதுதான். மரக்காணத்தில் உப்பைக் காணிக்கை கொடுத்தால் அது காணிக்கையா? அவர் சிலை நிற்கிற கெபிக்குப் பின்னாலேயே உப்பளம். அந்தோணியார் திரும்பிப் பார்த்தால் அம்பாரமாகத் தெரியும். மனுஷருக்கு வந்த சொறிக்கு மனுஷர் தின்னும் உப்பு போதும், போனால் போகட்டும் என்று அவரும் வாங்கிக்கொள்வார். இவை பம்பாயிலிருந்து ரயிலில் வந்த எலிகள். ஊரில் எதை இழந்தால் நிஜமாகவே இழந்தது போலிருக்குமோ அதைக் கொடுத்தால்தான் வேண்டுதல் செல்லும். அப்படிப்பட்ட உப்பு ஊரில் ஒரு பீரோவில்தான் இருந்தது.

திங்கட்கிழமை சேட்டு உப்பு நிறுக்க பீரோவைத் திறந்தவன், தராசுத் தட்டு ஈரமாக இருக்கிறதென்று வெயிலில் காயவைத்துவிட்டு டீக்கடைக்குப் போனான். மரியசெல்வி பாட்டிலில் கைவிட்டு மேலாக ஒரு கைப்பிடி எடுத்து முந்தானையில் முடிந்தாள். கோடு தெரியும் என்பது அவளுக்குத் தெரியாதா? வீட்டு உப்பைக் கழுவிக் காயவைத்து, மாவாக இடித்து, பழைய வாயில் புடவையில் இரண்டு தடவை சலித்துப் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொட்டி, கோட்டுக்குச் சரியாக விரலால் நிரவினாள். மேலே தேதி, கீழே கையெழுத்து, கோட்டுக்கு நேராக மரக்காணம் உப்பு. வித்தியாசமே தெரியவில்லை. உப்பு உப்புதானே.

மறுநாள் கெபியில் கொட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்கு வந்தாள். அந்த நிம்மதி பதினொரு மணிவரை இருந்தது.

பதினொரு மணிக்குத் தாசில்தாரும் அவர் சம்சாரமும் மையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். டைரக்டர் உப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் செல்கள் குடிக்கிற தண்ணிய நாங்களேதான் கலக்கறோம். அந்நியச் செலாவணி கிடைக்கல, பரவாயில்ல. ஆனா உப்பு மட்டும் இது. பத்தாயிரத்துல ஒரு பங்கு அழுக்கு இருந்தாக்கூட அத்தனை செல்லும் செத்துடும். உங்க ஊரு உப்பு இருக்கே, செல்லுக்கு அது விஷம்."

தாசில்தார் சம்சாரம் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கூண்டோடு வாசலில் நின்றிருந்த மரியசெல்வி கூண்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானை நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"சேட்டண்ணே," என்று மத்தியானம் மெதுவாகக் கேட்டாள். "எட்டாவதுக்குத் தண்ணி கலந்துட்டீங்களா?"

"நேத்தே ஆச்சு. அஞ்சு லிட்டர்."

"உப்பு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"இன்னா கேள்வி இது? பாட்டில்லேர்ந்துதான். மேலாக எடுத்தேன். ஏன்?"

"ஒன்னுமில்ல."

எட்டாவது ஒட்டு வியாழக்கிழமை நடந்தது. எலியின் மண்ணீரலைப் பிசைந்து, கேன்சர் செல்லோடு கலந்து, மெழுகு மாதிரி ஒரு மருந்து விட்டு ஒட்டி, சின்னச் சின்னக் குழி வைத்த தட்டுகளில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தார்கள். பிழைத்ததா இல்லையா என்று தெரியப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளில் மரியசெல்வி நாலு கிலோ இளைத்தாள். ராத்திரி கண்ணை மூடினால் தட்டில் குழி குழியாகப் பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். காலையில் முதல் வேலையாகக் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் சேட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தவன் நிமிரவில்லை.

"செத்துப்போச்சா அண்ணே?"

"இரு."

"சொல்லுங்களேன், எல்லாம் போச்சா?"

"சும்மா இரு செல்வி. கொத்துக் கொத்தா இருக்குது. இங்க பாரு, இங்கயும்..."

டைரக்டர் ஓடி வந்தார். ஒரு கண்ணால் பார்த்தார், மறு கண்ணால் பார்த்தார். பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். மூன்று வாரத்தில் அந்தச் செல்களின் நீர் எலியின் சரியான வெள்ளணுவைச் சரியாகப் பிடித்ததும் உறுதியானது. தில்லிக்கு நாலு பக்கக் கடிதம் போனது. அதில் 'நான்' என்ற சொல் முப்பத்தொரு தடவை வந்ததாக டைப்பிஸ்ட் சொன்னார்.

தில்லி ஒரு பக்கத்தில் பதில் எழுதியது: மகிழ்ச்சி. இன்னொரு தடவை செய்து காட்டவும். இரண்டாம் தடவையும் வந்தால் மையம் தொடரும், பணியிடங்கள் நிலைக்கும். வராவிட்டால் சென்னையோடு இணைத்து இங்கே மூடப்படும்.

ஒன்பதாவது ஒட்டுக்கு, பாட்டிலில் மீதமிருந்த அசல் பம்பாய் உப்பு பயன்பட்டது. மரியசெல்வி போட்ட கைப்பிடி எட்டாவதிலேயே தீர்ந்துபோயிருந்தது. பதினோராம் நாள் தட்டில் இருந்தது பொடிப்பொடியாக உதிர்ந்த சாவு.

தில்லி கொடுத்த கெடுவுக்குள் இன்னும் ஒரே ஒரு ஒட்டு செய்யத்தான் எலி இருந்தது. டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். "எட்டாவதில் இருந்தது எல்லாம் பத்தாவதில் அப்படியே இருக்கணும். இதுக்குப் பேர் விஞ்ஞான முறை." எட்டாவதன்று போட்டிருந்த சட்டையையே சேட்டு போட வேண்டும். அது கிழிந்துவிட்டது என்றான், தைத்துப் போடச் சொன்னார். வெளியே கட்டியிருந்த ஆட்டை யாரோ விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டு, அதே நிறத்தில் ஓர் ஆடு கட்ட ஏற்பாடாயிற்று. கடைசியாக மரியசெல்வி பக்கம் திரும்பி, "நீ அன்னிக்கு எண்ணெய் வச்சிருந்தியா, வைக்கலையா?" என்றார்.

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எண்ணெய் இல்ல சார். உப்பு."

"என்ன உப்பு?"

சொன்னாள். சொறி, வேண்டுதல், கைப்பிடி, வாயில் புடவை, எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்தாள். சேட்டு சுவரைப் பார்த்தான். பக்கத்து அறையில் ஒரு எலி சக்கரத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

டாக்டர் சிவப்பிரகாசம் பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்து, எட்டாவதன் தேதியிட்ட கோட்டைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடி இல்லாமலும் ஆராய்ந்தார்.

"இது யார் கையெழுத்து?"

"ஒங்களுது சார்."

"என் கையெழுத்துக்குக் கீழ வேற உப்பு இருக்க முடியுமா?"

"இருந்துச்சு சார், நான்தானே..."

"முடியாது. நடக்காததைச் சொல்றது பொய். இந்தப் பொய்யை இனிமேல் யார்கிட்டயும் சொல்லக் கூடாது." பாட்டிலை வைத்துப் பூட்டினார். ஆட்டுக்கு மட்டும் கயிறு வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வேலையை விட்டுத் தூக்கிட்டாரா இல்லையா அண்ணே?" என்றாள்.

"தூக்கணும்னா நீ சொன்னது நெசம்னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா எட்டாவது ஜெயிச்சது ஒன் புண்ணியம்னு ஆயிடும். அந்தாளு அதுக்குப் பதிலா ஆட்டோட காலைக்கூடக் கழுவுவாரு."

மூன்றாம் நாள் சாயங்காலம் கூண்டு கழுவிவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. உள்ளே பாட்டிலில் புதுத் தேதி, புதுக் கையெழுத்து. ஆனால் உப்பு கோட்டுக்குக் கீழே சரியாக ஒரு கைப்பிடி குறைவு. வாழ்நாளில் அந்த மனுஷன் கோட்டைத் தப்பாகப் போட்டதில்லை. மறுநாள் பத்தாவதுக்குத் தண்ணீர் கலக்க வேண்டும்.

சேட்டை இழுத்துவந்து காட்டினாள்.

"அய்யய்யோ, தொடாத. இது பொறி," என்றான். "நீ ரொப்பினா, கையும் களவுமாப் புடிச்சு, ஒன்பதாவது செத்ததும் ஒன்னாலதான்னு எழுதிடுவாரு."

"ரொப்பலைன்னா?"

"பத்தாவதும் செத்துடும். கடையை மூடிடுவாங்க."

"அப்ப ரெண்டுலயும் நான் உப்பளத்துக்குத்தான் போவணுமா?"

சேட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகக் கிளியனூர்ப் பக்கம் மிதித்தான்.

மரியசெல்வி பீரோ முன்னால் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உப்பளத்தில் கடைசி ஆட்கள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறுவது தெரிந்தது. அதில் ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். வெடிப்பில் உப்பு ஏறினால் அப்படித்தான், கட்டைவிரலில் ஊன்றி நடக்கணும். அந்த நடை மரியசெல்வியின் காலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

டைரக்டர் அறைக்குள் போனாள். மேஜைமேல் இருந்த பச்சை ஃபைலை எடுத்தாள். மூன்று வருஷத்தில் அந்த மேஜையிலிருந்து அவள் எடுத்த முதல் பொருள். கொண்டுவந்து பீரோவுக்குள், உப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில், பிரித்து வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் மேலே தெரிகிறமாதிரி. பிறகு பாட்டிலைத் தொடாமல், சாவியையும் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. உப்பை மட்டும் இடித்து, இரண்டுக்கு மூன்று தடவையாகச் சலித்து வைத்தாள்.

காலையில் ஆறரைக்கே வந்தாள். கதவு அதே விரல்கடை திறந்திருந்தது. ஃபைலில் கையெழுத்து. மை காய்ந்திருந்தது. தேதியும் போட்டு, வழக்கம் விடாமல் கையெழுத்துக்கு மேலே ஸ்கேல் வைத்து ஒரு கோடும் இழுத்திருந்தார். அவள் ஆர்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, விரலால் நிரவி, பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

எட்டு மணிக்கு டைரக்டர் வந்தார். நேராக பீரோவுக்குப் போகாமல் முதலில் காலண்டரைப் பார்த்தார், பிறகு மேகத்தைப் பார்த்தார்.

"உப்பு லெவல் சரியா இருக்கா?"

"கோட்டுக்குச் சரியா இருக்குது சார்."

"இருக்கும். இருக்கணும்."

மறுபடி பத்து நாள். ஆர்டர் கையில் இருந்தும் மரியசெல்விக்குத் தூக்கம் வரவில்லை. மையமே மூடிப்போனால் நிரந்தரம் எதில் நிரந்தரம்? காலையில் வந்து இன்குபேட்டர் கதவைத் தொட்டுப் பார்ப்பாள், சூடு இருக்கிறதா என்று. தொடும்போது சேட்டு வருவான். அவன் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்வான். இருவரும் விலகினால் டைரக்டர் வருவார். தெர்மாமீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்வார். தெர்மாமீட்டர் எதிர்ச் சுவரில் இருந்தது.

பதினோராம் நாள் திங்கட்கிழமை. சேட்டு, தைத்த சட்டையோடு, குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. டைரக்டர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். மரியசெல்வி ரவிக்கைக்குள் இருந்த காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் முதுகையே பார்த்தாள்.

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது ஈரமாகிக்கொண்டே வந்தது.

"எழுதிக்கோ சேட்டு. தொண்ணூத்தாறு குழியில நாப்பத்திரண்டுல கொத்து. முறையில ஒரு மாற்றமும் இல்லை. உப்பு, பம்பாய், உயர்தரம்."

"எழுதிட்டேன் சார்."

சேட்டு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மரியசெல்வி கூண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"இரும்மா." டைரக்டர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதானே?"

"ஆமா சார்."

கோட்டுப் பையில் கைவிட்டு, நூல் சுற்றிய சின்ன மளிகைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, கூண்டின்மேல் வைத்தார். உள்ளே இருந்த எலி எழுந்து நின்று அதை மோந்து பார்த்துத் தும்மியது.

"மிளகு இருக்கு," என்றார். "உப்பு நீ பாத்துக்க."